‘இந்தத் தலைமுறைக்கு விசுவாசம் இல்லை’ என்று சொல்லும் பெரிய வங்கிகளுக்கு

பெரிய வங்கிகளின் தலைவர்கள், இயக்குநர்கள், மனிதவளத் துறை அதிகாரிகள் அனைவருக்கும் நாகர்கோவிலிலிருந்து வணக்கம்.

எங்கள் மாவட்டத்துக் கல்லூரி ஒன்றுக்கு ஆள் எடுக்க வந்த உங்களில் ஒருவர், மாணவர்களைப் பார்த்து இப்படிச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன்: "உங்களை நம்பிப் பயிற்சி கொடுக்கிறோம். ஒரு வருடம் முடிவதற்குள் ஓடிவிடுகிறீர்கள். ஜப்பான்காரனும் ஜெர்மன்காரனும் இப்படியா செய்கிறான்? வேலைமேல் பற்று அவர்கள் ரத்தத்திலேயே இருக்கிறது." இந்தப் பேச்சைப் பல மேடைகளில் கேட்டாகிவிட்டது. 2023 அக்டோபரில் இன்ஃபோசிஸ் நாராயண மூர்த்தி, இளைஞர்கள் வாரம் 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று சொன்னபோதும், போருக்குப் பிந்தைய ஜெர்மனியையும் ஜப்பானையும்தான் உதாரணம் காட்டினார். ரத்தத்தில் இருக்கிறது என்பது சரியில்லை. பிள்ளைகள் தலையில் தேவையில்லாத பழியைப் போடுகிற பேச்சு அது. அதனால்தான் எழுதுகிறேன்.

நான் ஒரு பொதுத்துறை வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து, தக்கலை, குளச்சல், கருங்கல் என்று மாவட்டத்துக்குள்ளேயே சுற்றி, அதிகாரியாக ஓய்வுபெற்றவன். என் அக்கா மகன் பிராங்பர்ட்டில் ஒரு வங்கியின் கணினிப் பிரிவில் இருக்கிறான். அண்ணன் மகள் இங்கே ஒரு பெரிய தனியார் வங்கியில் சேர்ந்து, இரண்டு வருடம்கூட ஆகாமல் விலகிவிட்டாள். ஒரே குடும்பம், ஒரே ரத்தம். மூன்று பேரும் வேலையைப் பார்த்த விதம் மூன்று மாதிரி.

முதலில் எங்கள் காலத்து விசுவாசம் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். அது தானாக வரவில்லை. இந்த மாவட்டம் திருவிதாங்கூரில் இருந்த காலத்தில், 1937இல் இரண்டு வங்கிகள் இணைந்து திருவிதாங்கூர் நேஷனல் அண்ட் குயிலான் வங்கி உருவாயிற்று. அடுத்த வருடமே, 1938இல், அது விழுந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த காலத்திலும் வயதான வாடிக்கையாளர்கள் "பாங்கு திவாலாப் போச்சு" என்று அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பணம் போடும்போது ஒரு தடவைக்கு இரண்டு தடவை முகத்தைப் பார்ப்பார்கள். 1969 ஜூலை 19 அன்று 14 வங்கிகள் தேசியமயமான பிறகுதான் அந்தப் பயம் மெல்ல விலகியது. ஊழியர்களுக்கும் அப்படித்தான். சம்பளம், வங்கிகளும் ஊழியர் சங்கங்களும் பேசிப் போட்ட இருதரப்பு ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்தானது. குறைந்த வட்டியில் வீட்டுக்கடன் கிடைத்தது. 1995இல் ஓய்வூதியம் வந்தது. சங்கம் இருந்தது, தப்பான உத்தரவுக்கு முடியாது என்று சொல்லவும் முடிந்தது. அதனால்தான் அரையாண்டுக் கணக்கு முடிக்கிற இரவுகளில் லெட்ஜர் டேலி ஆகாமல் யாரும் வீட்டுக்குக் கிளம்ப மாட்டோம். எங்கள் கவுண்டர்களில் அலட்சியம் இருந்ததும் உண்மைதான், வாடிக்கையாளர்கள் அதை மறந்திருக்க மாட்டார்கள். ஆனால் வங்கி எங்களைக் கைவிடாது என்ற உறுதி இருந்ததால் நாங்கள் வங்கியை விட்டுப் போகவில்லை. 2010 ஏப்ரலுக்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு அந்தப் பழைய ஓய்வூதியம் கிடையாது என்பதையும் சேர்த்தே நினைத்துப் பாருங்கள்.

நீங்கள் காட்டுகிற ஜப்பானுக்கு வருவோம். அங்கே பெரிய கம்பெனியில் சேர்ந்தவன் கடைசிவரை அங்கேயே இருந்தான் என்பது உண்மை. அந்த ஏற்பாடு போருக்குப் பிந்தைய கடும் வேலைநிறுத்தங்களுக்கும் ஆள்குறைப்புத் தகராறுகளுக்கும் பிறகு, முதலாளியும் தொழிற்சங்கமும் பேசி வந்து சேர்ந்த இடம். ஆளை வெளியே அனுப்ப மாட்டோம், வயது ஏற ஏறச் சம்பளமும் ஏறும் என்று கம்பெனி முதலில் வாக்குக் கொடுத்தது. அப்புறம்தான் ஊழியன் தன் ஆயுளைக் கொடுத்தான்.

1997 நவம்பரில், நூறு வருடப் பாரம்பரியம் உள்ள யமாயிச்சி பங்கு வர்த்தக நிறுவனம் மூடப்பட்டபோது அதன் தலைவர் நோசாவா தொலைக்காட்சிக் கேமராக்களுக்கு முன்னால் அழுதார். தப்பு எங்கள்மேல்தான், ஊழியர்கள்மேல் ஒன்றும் இல்லை, அவர்களுக்கு வேலை கொடுத்து உதவுங்கள் என்று கேட்டார். நஷ்டத்தை மறைத்து வைத்த நிர்வாகம்தான் அந்த நிலைக்குக் காரணம். ஆனாலும் பழியை அவர் கீழே தள்ளிவிடவில்லை. ஜப்பானிலிருந்து ஏதாவது எடுத்துக்கொள்ள வேண்டுமென்றால் அதை எடுத்துக்கொள்ளுங்கள். அதே ஜப்பானில் வேலைப் பளுவால் ஆட்கள் செத்துப்போவது பெருகி, அதைத் தடுக்க 2014இல் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது. பிறகு 2018இல் நிறைவேறிய சட்டம் மிகைநேர வேலைக்கு மாதம் 45 மணி நேரம், வருடம் 360 மணி நேரம் என்று பொது வரம்பு வைத்தது. அந்த நாடே வேண்டாம் என்று ஒதுக்கப் பார்ப்பதை எங்கள் பிள்ளைகளுக்குப் பாடமாக வைக்காதீர்கள்.

ஜெர்மனி இன்னும் தெளிவு. வருடத்துக்கு ஒரு ஊழியர் வேலை செய்யும் மணி நேரத்தைக் கணக்கிட்டால், ஓ.இ.சி.டி. என்ற பெரும்பாலும் வளர்ந்த நாடுகளின் அமைப்பில் உள்ள நாடுகளிலேயே மிகக் குறைவாக இருப்பது ஜெர்மனிதான், சுமார் 1,340 மணி நேரம். 70 மணி நேரத்துக்கு உதாரணம் காட்டுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை. 1976ஆம் வருடச் சட்டப்படி, 2,000 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனத்தில், நிர்வாகத்தைக் கண்காணிக்கும் மேற்பார்வைக் குழுவில் பாதி இடம் ஊழியர் பிரதிநிதிகளுக்கு. பெரிய வங்கிகளுக்கும் இது பொருந்தும். பிராங்பர்ட்டில் இருக்கும் என் அக்கா மகன் சாயந்திரம் கம்ப்யூட்டரை மூடினால் மூடினதுதான், அவனைக் கூப்பிட்டு "இன்றைக்கு எத்தனை?" என்று கேட்க ஆள் இல்லை. லீவில் ஊருக்கு வந்தால் வடசேரி சந்தைக்கும் முட்டம் கடற்கரைக்கும் நிம்மதியாகப் போய்வருகிறான். பல வருடமாக அதே வங்கியில்தான் இருக்கிறான். இத்தனைக்கும் அவன் கோட்டாறில் பிறந்து வளர்ந்தவன். ஜெர்மன் ரத்தம் எங்கே இருக்கிறது?

உங்களில் பலர் உண்மையில் பின்பற்றுவது அமெரிக்க வழியை. அதிலும் எல்லாவற்றையும் அல்ல, இலக்கு வைத்து விரட்டுகிற பகுதியை மட்டும். அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு வெல்ஸ் பார்கோ வங்கியே சாட்சி. ஒவ்வொரு வாடிக்கையாளர் தலையிலும் எட்டுக் கணக்கோ கார்டோ கட்ட வேண்டும் என்று கிளைகளை நெருக்கினார்கள். ஊழியர்கள் வாடிக்கையாளருக்கே தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குகளைத் திறந்தார்கள். 2016 செப்டம்பரில் 18.5 கோடி டாலர் அபராதம். சுமார் 5,300 ஊழியர்கள் வேலையை இழந்தார்கள். 2020இல் 300 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்தார்கள். வங்கி சொன்னதையெல்லாம் தட்டாமல் செய்தவர்கள் அந்த 5,300 பேரில் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அந்தக் கீழ்ப்படிதலால் வங்கிக்கும் நன்மை இல்லை, அவர்களுக்கும் இல்லை.

இப்போது எங்கள் ஊருக்கு வருகிறேன். அண்ணன் மகளுக்குப் பதவியின் பெயர் ரிலேஷன்ஷிப் மேனேஜர். காலை ஒன்பது மணிக்குள் கிளைக்குப் போய்விட வேண்டும். ராத்திரி எட்டரைக்கு ரிவ்யூ கால். மாவட்டத்தில் உள்ள எல்லாக் கிளைகளும் கேட்டுக்கொண்டிருக்க, "இன்னைக்கு லாகின் எத்தனை?" என்று ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கேட்பார்கள். லாகின் என்றால் புதிதாகப் பிடித்த காப்பீட்டு பாலிசி. ஒன்றும் இல்லை என்றால் அத்தனை பேர் காதிலும் விழும்படி வசவு. மாதக் கடைசியில் ஞாயிற்றுக்கிழமையும் போன் அடிக்கும். சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் போனை வைத்துக்கொண்டு, அது அதிரும்போதெல்லாம் அவள் கை நின்றுபோவதைப் பார்த்திருக்கிறேன்.

அதைக்கூட அவள் தாங்கிக்கொண்டாள். தாங்க முடியாமல் போனது வேறு. வளைகுடாவில் பல வருடம் உழைத்துவிட்டுத் திரும்பிய ஒருவர், வைப்புநிதியில் போடுவதற்குப் பணத்தோடு கிளைக்கு வந்திருக்கிறார். மேலிருந்து வந்த நெருக்கடியில் அந்தப் பணம் ஐந்து வருடம் தொடர்ந்து பிரீமியம் கட்ட வேண்டிய பாலிசியாக மாறிவிட்டது. எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்பது அவருக்கு முழுசாகப் புரியவில்லை. அடுத்த வருடம் பிரீமியம் கேட்டுக் குறுஞ்செய்தி வந்ததும் கிளைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "நீ சொன்னதுகொண்டுதானே மக்களே நான் போட்டேன்" என்று மட்டும் சொன்னாராம். அன்று ராத்திரி அவள் வீட்டில் சாப்பிடவில்லை. "சித்தப்பா, திங்கள்சந்தையில் அவரை எதிரே பார்த்தால் நான் எங்கே போய் ஒளிவது?" என்று என்னிடம் கேட்டாள். அடுத்த வாரம் ராஜினாமா எழுதினாள்.

உங்கள் கணக்கில் அவள் ஒரு விலகல், விசுவாசம் இல்லாதவள். என் கணக்கில் அவள் அந்த வாடிக்கையாளருக்கு விசுவாசமாக இருக்கப் பார்த்தவள். சின்ன ஊரில் வங்கி வேலை பார்க்கிறவன் கோயில் திருவிழாவிலும் கல்யாண வீட்டிலும் குருசடியிலும் வாடிக்கையாளரைத்தான் பார்க்கிறான். அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேச முடிகிற வரைக்கும்தான் அவனுக்கு வங்கியின்மேல் பற்று இருக்கும். அவர்களை ஏமாற்றச் சொல்லிவிட்டு உங்களோடு நிற்கவில்லையே என்று குறைப்படுவது நியாயமா?

2024 டிசம்பரில் வந்த ரிசர்வ் வங்கி அறிக்கை, சில தனியார் வங்கிகளிலும் சிறு நிதி வங்கிகளிலும் ஊழியர் விலகல் சராசரியாக 25 சதவீதம் என்று சொல்கிறது. நான்கில் ஒருவர். இது வெறும் மனிதவளத் துறை சமாச்சாரம் இல்லை, வங்கியின் செயல்பாட்டுக்கே ஆபத்து என்றும் அதிலேயே எழுதியிருக்கிறார்கள். நான்கில் ஒருவர் போகிறார் என்றால் குறையைப் போகிறவரிடம் தேடுவதா, இடத்தில் தேடுவதா?

ஆட்கள் போகும்போது கூடவே என்ன போகிறது என்று உங்கள் தலைமை அலுவலகத்துக்குத் தெரிகிறதா என்று எனக்குச் சந்தேகம். எங்கள் மாவட்டத்துக்கு இரண்டு கடல். சின்னமுட்டம் பக்கம் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஒரே மாவட்டம், இரண்டு தடைக்காலம். எந்தப் படகுக்காரர் எந்த மாதம் தவணை கட்டத் தடுமாறுவார் என்பது இதை வைத்துத்தான் தெரியும். குலசேகரம் பக்கம் மழை பிடித்துக்கொண்டால் ரப்பர் பால்வெட்டு நின்றுவிடும், வெட்டுகிறவர் வீட்டில் அன்றாடக் காசு இருக்காது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது நகைக்கடனுக்கு வரிசை நிற்கும். மதிப்பீட்டாளர் வளையலை உரைகல்லில் தேய்த்துப் பார்க்கும்போதே, இது போன வருடம் மீட்டுக்கொண்டு போன அதே வளையல்தான் என்று பழைய ஊழியருக்குத் தெரியும். கட்டாமல் போகிற குடும்பம் எது, பத்து நாள் தள்ளினால் கட்டிவிடுகிற குடும்பம் எது என்று அவர் சொல்லிவிடுவார். ஆறு மாதத்துக்கு ஒருவர் மாறும் கிளையில் இதெல்லாம் யாருக்குத் தெரியும்? திருவிதாங்கூர் ஸ்டேட் வங்கி (எஸ்.பி.டி.) 2017 ஏப்ரல் 1 அன்று பாரத ஸ்டேட் வங்கியோடு இணைக்கப்பட்டு, பெயர்ப்பலகையும் மாறிவிட்டது. இன்றும் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் "எஸ்.பி.டி.க்குப் போயிட்டு வாறேன்" என்றுதான் சொல்கிறார்கள். அவர்களுக்கு வங்கி என்பது அங்கே தெரிந்த முகங்கள்தான்.

சரி, என்ன செய்ய வேண்டும் என்கிறேன்? வேலை நேரத்தை நியமனக் கடிதத்தில் எழுதுங்கள், எழுதியதை மதியுங்கள். நேரம் கடந்தால் காசு கொடுங்கள், இல்லை மறுநாள் விடுங்கள். முக்கியப் பொறுப்பில் இருப்பவர்களை வருடத்தில் ஒரு தடவையாவது, முன்கூட்டிச் சொல்லாமல், சேர்ந்தாற்போல் பத்து வேலை நாள் லீவில் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் 2021 உத்தரவு. மோசடியைக் கண்டுபிடிக்க வந்த விதிதான் அது. அந்தப் பத்து நாளும் வங்கி இடிந்து விழவில்லையே, அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை போன் எதற்கு? ராத்திரி ரிவ்யூ காலை நிறுத்துங்கள். வசவு வாங்கினவன் மறுநாள் கவுண்டரில் யார்மேல் அதை இறக்குவான் என்று யோசியுங்கள். இந்தப் பாலிசி இவருக்குப் பொருந்தாது என்று ஓர் ஊழியர் எழுதிக் கொடுத்தால், அதற்காக அவர் மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். விலகிப் போகிறவருக்கு ரிலீவிங் லெட்டரை இழுத்தடிக்காதீர்கள், போன பிள்ளைகளில் சிலர் திரும்பியும் வருவார்கள்.

இயக்குநர்களுக்குத் தனியாக ஒரு கோரிக்கை. ஊழியர் விலகல் விகிதத்தை உங்கள் ஆண்டறிக்கையில் வெளியிடுகிறீர்கள். உங்கள் ஒவ்வொரு கிளையும் விற்ற பாலிசிகளில் எத்தனைக்கு இரண்டாம் வருடப் பிரீமியம் வரவில்லை என்ற கணக்கை எடுத்து, அதே கிளையில் எத்தனை பேர் விலகினார்கள் என்ற கணக்கோடு சேர்த்து, அடுத்த பொதுக்குழுவில் பங்குதாரர்கள் முன் வையுங்கள். நாகர்கோவில், மார்த்தாண்டம், குளச்சல் கிளைகளின் கணக்கை நான் எதிர்பார்த்துக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர் ஒருவர்,
நாகர்கோவில், கன்னியாகுமரி மாவட்டம்.