எல எண்ட கால்வாய் ஓரத்துக் காணிக்காரருக்குத் தமிழில ஒரு வனஜீவராசி வகுப்பு வைச்சுத் தாங்கோ: நாலாவது தடவையாக் குடுக்கிற மனு

மதிப்புக்குரிய உத்தியோகத்தர் ஐயா அவர்களுக்கு,

பணிவான வணக்கம். நாங்கள் ஆரெண்டு உங்களுக்குத் தெரியும். வெல்லம்பிட்டி பெரிய ரோட்டில இருந்து இறங்கி, பேக்கரியைத் தாண்டி, எலப் பாலத்துக்கு முதல் இடது பக்கம் திரும்புற லேன். கொங்கிரீட் போடத் தொடங்கிப் பாதியில விட்ட லேன் எண்டு சொன்னா இன்னும் சுகமா விளங்கும். 2016 மே வெள்ளத்தில போட் வந்து சனத்தை ஏத்தினது இந்த லேன் வாசலில இருந்துதான். எங்கட 23 வீட்டுக்கும் பின்பக்கம் மதில் இல்ல, வளவு போய் முடியிறது நேர சதுப்புக்குள்ள.

இது நாலாவது மனு ஐயா. முதலாவதை ஜனவரியில கையில கொண்டுவந்து குடுத்தம், கவுண்டரில இருந்த மிஸ் சீல் அடிச்சு ஒரு கொப்பி தந்தவா. இரண்டாவது ரெஜிஸ்டர் தபால், துண்டு என்னட்ட இருக்கு. மூண்டாவதுக்கு ஒரு லெட்டர் வந்திச்சு, நல்ல சந்தோசமாத்தான் உடைச்சன், அது முழுக்க சிங்களம். தமிழில வகுப்பு வையுங்கோ எண்டு கேட்டதுக்கு சிங்களத்தில பதில். பேக்கரி முதலாளியிட்ட குடுத்து வாசிப்பிச்சம், பரிசீலிக்கப்படும் எண்டு இருக்காம். வாசிச்சு முடிய அவருக்கே சிரிப்பு வந்திட்டுது.

நாங்கள் காசு கேக்கேல்ல, வீடு கேக்கேல்ல, வேலை கேக்கேல்ல. சதுப்பு ஓரத்தில சொந்தக் காணி வைச்சிருக்கிற ஆக்களுக்கு எண்டு நீங்கள் நடத்துற விழிப்புணர்வு நிகழ்ச்சி இருக்குத்தானே, வனஜீவராசிகளை எப்படிப் பாதுகாக்கிறது, காணியை எப்படி வைச்சிருக்கிறது எண்டு சொல்லிக்குடுக்கிறது, அதில ஒண்டே ஒண்டை எங்களுக்கும் தமிழில நடத்துங்கோ. காரணங்களை நம்பர் போட்டு எழுதுறன்.

1. எங்கட காணி சின்னன்தான். என்ர அம்மாட உறுதியில 14 பேர்ச், பக்கத்து வீடு ஒன்பதரை. 23ஐயும் கூட்டினா கிட்டத்தட்ட இரண்டு ஏக்கர் வரும். ஒரு தடவை உங்கட நிகழ்ச்சி நடக்கிற மண்டப வாசலில நிண்ட தம்பி "இது பெரிய காணிக்காரருக்கு அக்கா" எண்டவர். 2018 அக்டோபரில டுபாயில வைச்சு உலகத்திலேயே முதல்முதலா ஈரநில நகரம் எண்ட அங்கீகாரத்தை, ஈரநிலத்தைப் பாதுகாக்கிற ராம்சார் எண்ட உலக ஒப்பந்தத்தில, 18 நகரத்துக்குக் குடுத்தாங்களே, அதில கொழும்பும் ஒண்டு, பேப்பரில எல்லாம் படம் போட்டாங்கள். அந்த ஈரநிலத்திட ஓரம் ஆரிட்ட இருக்கு ஐயா? பேர்ச் கணக்கில எங்களைப் போல ஆக்களிட்டத்தானே பிய்ஞ்சு பிய்ஞ்சு இருக்கு.

2. நாளும் நேரமும் சரியில்ல. எப்பவும் வேலை நாள் காலமை ஒன்பது மணி, இரண்டு பஸ் மாறிப் போற இடம். எங்கட லேனில ஆம்பிளையள் கூட துறைமுகத்துக்கும் புறக்கோட்டைக்கும் வேலைக்குப் போற ஆக்கள். பெப்ரவரி 2 உலக ஈரநில தினத்துக்கும் அப்படித்தான். தொப்பி குடுத்தாங்களாம், நாங்கள் போகேல்ல.

3. பாஷை. இதைத்தான் ஐயா முக்கியமா வாசிக்கோணும், மற்றதை விட்டாலும் பரவாயில்ல. எனக்கு சிங்களம் கதைக்க வரும், கடையில சாமான் வாங்கவும் பஸ்ஸில மிச்சக் காசுக்கு சண்டை பிடிக்கவும் காணும். ஆனா ஒருத்தர் ஸ்கிரீனில படம் போட்டு சட்டம், பாதுகாப்பு வலயம், ஆக்கிரமிப்புத் தாவரம் எண்டு எழுத்துச் சிங்களத்தில மூண்டு மணித்தியாலம் சொல்லேக்க எனக்கு என்ன விளங்கும்? ஏப்ரல் கடைசியில நான் ஒருத்தி லீவெடுத்த மாதிரி தையல் வேலையெல்லாத்தையும் வைச்சிட்டுப் போய் இருந்தன். முன் வரிசையில இருந்தவை தலையை ஆட்ட நானும் ஆட்டினன். படத்தை மட்டும் பார்த்தன். அதில ஒரு படம் வந்திச்சு ஐயா, அதைப் பார்த்தோண்ண எழும்பி வெளிய வந்து படிக்கட்டில இருந்திட்டன்.

ஏனெண்டு சொல்லுறன். அதுக்கு இரண்டு கிழமைக்கு முதல் எங்கட லேனில கோழி வளர்க்கிற மாமா ஒராளிட ஏழு கோழி போயிட்டுது. பேர் சொல்ல மாட்டன், ஐயா கேக்கவும் வேண்டாம். நாய் எண்டு நினைச்சு சைக்கிள் பிரேக் கேபிளில சுருக்குப் போட்டு, கூட்டுக்குப் பின்னால எல பக்கம் வைச்சவர். விடிய அஞ்சு மணி இருக்கும், ஒரு சத்தம். பிள்ளை அழுற மாதிரியும் இல்ல, பூனை கத்துற மாதிரியும் இல்ல. டோர்ச் அடிச்சுப் பார்த்தா இடுப்பில கேபிள் இறுகிப்போய் ஒண்டு கிடக்கு. பூனையை விடப் பெரிசு, ஈரச் சாம்பல் நிறம், உடம்பு முழுக்கக் கறுப்புப் புள்ளி, நெற்றியில கோடு, வால் கட்டை. அந்த நேரம் பார்த்து த்ரீவீல் ஓட்டுற சிங்களத் தம்பி வந்து எட்டிப்பார்த்திட்டு "ஹந்துன் திவியா" எண்டு கத்தினார். அவர் சரியாத்தான் சொன்னவர், மீன்பிடிப் பூனைக்கு அவையள் சொல்லுற பேர் அது. எங்கட ஆக்களுக்கு பிடிபட்டது "திவியா" மட்டும்தான், திவியா எண்டா சிறுத்தை எண்டு எல்லாருக்கும் தெரியும். அவ்வளவுதான், புலி புலி எண்டு லேன் முழுக்கச் சத்தம். (கொழும்பில தமிழ் ஆக்கள் விடியப்புறம் அந்தச் சொல்லைக் கத்தினா எப்படி இருக்கும் எண்டு ஐயாவுக்கு நான் சொல்லத் தேவையில்ல.) ஆம்பிளையள் தடியோட வந்திட்டாங்கள், பொடியள் ஃபோனோட வந்திட்டாங்கள். ஒருத்தருக்கும் ஆருக்கு அடிச்சு சொல்லுறது எண்டு தெரியாது. பொலிசுக்கு சொன்னா மாமாவைக் கொண்டு போயிடுவாங்கள் எண்டு மாமி காலில விழாத குறை. ஒருத்தர் கேபிளை வெட்டுவம் எண்டார், அடுத்தவர் வெட்டினா பாயும் எண்டார். ஆறு மணி, ஏழு மணி. அடுத்த வீட்டுச் சின்னப் பொடியன் ஒரு தகரத்தில தண்ணி கொண்டுபோய் வைச்சான், அது குடிக்கேல்ல. எட்டு மணிக்கு சத்தம் நிண்டிட்டுது.

பிறகுதான் கிட்டப் போய்ப் பார்த்தன். முன்காலில விரலுக்கு நடுவில தோல் இருந்திச்சு ஐயா, வாத்துக்கு மாதிரி முழுசா இல்ல, கொஞ்சமா. நகம் முழுக்க உள்ளுக்குப் போகாம நுனி வெளிய தெரிஞ்சுது, அதில கேபிளைப் பிறாண்டின கறள். மேல் மயிர் நனைஞ்சிருந்தாலும் அடி மயிர் காய்ஞ்சு கிடந்திச்சு.

மண்டபத்தில ஸ்கிரீனில வந்தது அதே மூஞ்சை. அதுக்குக் கீழ பெரிய எழுத்தில 1992 எண்டு நம்பர். எழுத்து வாசிக்கத் தெரியாட்டியும் நம்பர் வாசிக்கலாம்தானே. வனஜீவராசித் திணைக்களத்துக்கு அடிக்கிற நம்பர் அதுதான் எண்டு பக்கத்தில இருந்த அம்மா சொன்னவா. மூண்டு மணித்தியாலம் அது உயிரோட கிடந்திச்சு, எங்கட லேனில எத்தினை ஃபோன் இருந்திச்சு, அந்த நாலு இலக்கம் ஒருத்தருக்கும் தெரியாது! இதை தமிழில ஒரு தரம், ஒரேயொரு தரம், ஆரும் வந்து சொல்லியிருந்தா என்ன குறைஞ்சிருக்கும் ஐயா?

1987இல அரசியலமைப்புக்கு வந்த 13ஆவது திருத்தத்தில தமிழும் அரச கரும மொழி எண்டு எழுதியாச்சு. அதை நான் உங்களுக்குச் சொல்லித்தர வரேல்ல, நீங்கள் படிச்ச ஆக்கள். உங்கட ஒஃபிஸ் போர்டிலயும் தமிழ் இருக்கு, அழகா இருக்கு. போர்டை வாசிக்கவா நாங்கள் வாறது?

4. நிரப்புற விசயம். பின் வளவில ஒருத்தர் கட்டிட உடைசல் கொட்டி அரை அடி உயர்த்தினவர், அடுத்த மழைக்கு தண்ணி இரண்டு வீடு தள்ளி என்ர குசினிக்குள்ள. தாழ் நிலம் அனுமதி இல்லாம நிரப்ப ஏலாது எண்டு அவருக்கும் தெரியாது எனக்கும் தெரியாது. தெரிஞ்சுகொண்டும் செய்யிற ஆக்கள் இருக்கினம், டிப்பரில ராத்திரி வாறவை, அவையை நான் சொல்லேல்ல. நானும் பிழைதான் விட்டன் ஐயா, மறைக்க என்ன இருக்கு. கரை அரிக்காம இருக்கும் எண்டு வெல் அத்த எண்ட சதுப்பு மரக் கன்று ஆறு கொண்டுவந்து நட்டன், பச்சைப்பசேலெண்டு வந்திச்சு. அந்த மண்டபத்தில அதிட படத்துக்கு மேல சிவப்புப் புள்ளடி. அது வெளிநாட்டு மரம், பழம் தண்ணியில மிதந்துபோய் விதை போற இடமெல்லாம் முளைச்சு சதுப்பை மூடுது எண்டு பிறகு மகள்தான் ஃபோனில தேடி வாசிச்சவா. ஆறையும் பிடுங்கிட்டன். பிடுங்கின இடத்தில என்ன நடுறது எண்டு இன்னும் தெரியாது, தாழை வைக்கலாமோ, அப்படியே புல்லு விடோணுமோ.

5. இப்ப வந்திருக்கிற கரைச்சல் முந்தினதை விடப் பெரிசு. வனஜீவராசிகளுக்கு எண்டு சட்டம் இருக்கு எண்டு மட்டும் எல்லாருக்கும் காதில விழுந்திட்டுது, 1937ஆம் ஆண்டில இருந்தே இருக்கிற கட்டளைச் சட்டமாம், பிடிச்சா வழக்காம். அதால எல்லாரும் வாயை மூடிட்டினம். கபரகொய்யா எண்ட பெரிய நீர் உடும்பு வந்தாலும், முதலைக்குட்டி கண்டாலும், ஒருத்தரும் ஒருத்தருக்கும் சொல்லுறேல்ல. எலிக்கு நஞ்சு வைக்கிறாங்கள், எலியைத் தின்னுற பூனையும் ஆந்தையும் சேர்த்துச் சாகும் எண்டு நான் சொன்னா "உனக்கு ஆர் சொன்னது" எண்டு கேக்கினம். சரியான கேள்விதானே. எனக்கு ஆர் சொன்னது? ஒருத்தரும் சொல்லேல்ல, படம் பார்த்து நானா விளங்கினது. அந்த மாமா மனுசனும் கெட்டவர் இல்ல. அண்டைக்குப் பிறகு கோழி எல்லாத்தையும் வித்துப்போட்டார், வெறுங்கூடு நிக்குது, சுருக்கு மட்டும் இன்னும் தகரத்துக்கு மேல சுருட்டி வைச்சிருக்கு, நான் கண்டனான். கூட்டை எப்படிப் பூட்டுறது, என்ன வலை அடிக்கிறது, ராத்திரி எங்க லைட் போடுறது, இதைச் சொல்லிக் குடுத்திருந்தா அவருக்குக் கோழியும் இருந்திருக்கும் எங்களுக்கு

5. (விட்ட இடத்தில இருந்து எழுதுறன், நேற்று கரண்ட் போயிட்டுது) எங்களுக்கு இந்தப் பாவமும் வந்திருக்காது.

6. கேக்கிறது இதுதான். ஒரு ஞாயிறு பின்னேரம், இல்லாட்டி ஒரு போயா நாள், பௌர்ணமி லீவு. உங்கட மண்டபம் தேவையில்ல, லேன் முடிவில இருக்கிற பொது மண்டபத்தை நாங்களே கூட்டித் தாறம், கதிரை பள்ளிவாசலில இருந்து வாங்கலாம், கேட்டாச்சு. தேத்தண்ணி எங்கட செலவு. தமிழ் தெரிஞ்ச உத்தியோகத்தர் இல்லையெண்டு சொல்லவேண்டாம். கம்பஸில படிக்கிற எங்கட பிள்ளையளே பக்கத்தில நிண்டு மொழிபெயர்க்கும். வாறவர் மண்டபத்தில கதைச்சிட்டு மட்டும் போகாம எங்களோட எல வரைக்கும் நடந்து வந்து, இந்தா இவ்வளவு தூரம் செடி கொடியை வெட்டாம விடு, இந்த மரத்தைப் பிடுங்கு, இதை வை, இதில குப்பை போடாத எண்டு கையைக் காட்டிச் சொல்லோணும். ஒரு துண்டுப் பேப்பர், ஒரு பக்கம் காணும், தமிழில, படத்தோட, நம்பரோட, குசினிச் சுவரில ஒட்டுற மாதிரி.

7. இதை 3இல சேர்த்து வாசியுங்கோ, எழுத மறந்திட்டன். போன வியாழக்கிழமை மழை விட்டபிறகு என்ர கிணத்தடிச் சேத்தில காலடி இருந்திச்சு, வட்டமா, நாய்க்கு மாதிரி நீட்டு இல்ல, நக நுனி பட்ட மாதிரியும் ஒரு அடையாளம். பக்கத்தில அதே மாதிரி சின்னதா இன்னொண்டு. எனக்கு நிச்சயமாச் சொல்லத் தெரியாது, சொல்லுற ஆள் வந்தா காட்டலாம். வாளித் தண்ணி ஊத்தி அழிச்சிட்டன் ஐயா, லேனில வேற ஒருத்தரும் காணக்கூடாது எண்டு. இப்படித்தான் நாங்கள் இப்ப பாதுகாக்கிறம்.

ஐயா கோவிக்கவேண்டாம், கடைசிப் பக்கம் எழுதேக்க கை கொஞ்சம் சூடாயிட்டுது. தயவுசெய்து, திரும்பவும் கேக்கிறன், தமிழில ஒரு நிகழ்ச்சி. மழைக்காலத்துக்கு முதல் வைச்சா நல்லம், ஏனெண்டா தண்ணி ஏற ஏற அதுகளும் எங்கட பக்கம்தான் ஏறி வரும், போறதுக்கு வேற இடமில்ல.

இப்படிக்கு,
பணிவுள்ள,
எல ஓரத்து 23 வீட்டுக் காணிக்காரர் சார்பில, தையல்காரி

இணைப்பு: முதல் மூண்டு மனுவின்ட ஃபோட்டோகொப்பி, ரெஜிஸ்டர் தபால் துண்டு, 19 பேரின்ட கையெழுத்து. மிச்சம் நாலு வீட்டுக்காரரும் சம்மதம்தான், ஆனா வனஜீவராசி எண்டு எழுதின பேப்பரில பேர் வைக்கப் பயப்படுகினம்.

பி.கு: பதில் போட்டா தமிழில போடுங்கோ. பேக்கரி முதலாளி ஊருக்குப் போயிட்டார்.