கோமதிக்கு, டிவியைப் பற்றியும் இன்னொன்றைப் பற்றியும்

அன்பு மகள் கோமதிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். ஆச்சிக்கு முட்டுவலி மட்டும் விட்டபாடில்லை.

ஒவ்வொரு தடவை பேசும்போதும் "டிவி எப்படிம்மா இருக்கு?" என்று கேட்கிறாய். நானும் "நல்லா இருக்கு" என்று முடித்துவிடுகிறேன். போன் ஸ்பீக்கரில் இருக்கும், அப்பா பக்கத்திலேயே இருப்பார், விரிவாக என்னத்தைப் பேச? அதனால்தான் நீ விட்டுப்போன பழைய லேப்டாப்பில் உட்கார்ந்து இதைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். அப்பா கடைக்குப் போயிருக்கிறார்.

நீ அயர்லாந்துக்குக் கிளம்பிய அவசரத்தில், வாங்கிக் கொடுத்த புது டிவியைச் சுவரில் மாட்டியதோடு சரி. மாட்ட வந்த பையன் சினிமா தியேட்டரில் முதல் வரிசை மாதிரி அண்ணாந்து பார்க்கிற உயரத்தில் வைத்துவிட்டுப் போய்விட்டான். நாலு அடி அகலம், இரண்டேகால் அடி உயரம், அதைச் சுவரின் உச்சியில் வைத்தால் எப்படி? ஆச்சிக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது. அப்புறம் தெருமுனை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, சோபாவில் உட்கார்ந்தால் கண்ணுக்கு நேரே திரையின் நடுப்பகுதி வருகிற மாதிரி இறக்கி மாட்டச் சொன்னேன். மேலே இருந்த ஓட்டைகளை முருகன் படம் மறைத்துக்கொண்டிருக்கிறது. ஷோகேஸில் டப்பா டிவிக்கென்று ஆசாரி அளந்து செய்த பெட்டி காலியாகக் கிடந்தது. இப்போது அதில் அப்பாவின் மாத்திரைகளும் பத்துப் பன்னிரண்டு மூக்குக்கண்ணாடிக் கூடுகளும் குடியேறிவிட்டன.

முதல் வாரம் படம் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. உன்னிடம் சொன்னால் மனசு கஷ்டப்படுவாய் என்று சொல்லவில்லை. முகமெல்லாம் நீலம் பூத்து, புடவை நிறம் கண்ணைக் குத்தியது. பிறகுதான் புரிந்தது, அதைக் கடையில் வைத்துக் காட்டுவதற்கான வெளிச்சத்திலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். முதல்முறை போடும்போதே வீட்டுக்கா கடைக்கா என்று அது கேட்குமாம். அந்தப் பையன் எதை அழுத்தினானோ. செட்டிங்குக்குள் போய் சினிமா என்கிற பிரிவுக்கு மாற்றி, வெளிச்சத்தையும் குறைத்தேன். அதற்குப் பிறகுதான் மனுஷ முகம் மனுஷ நிறத்துக்கு வந்தது.

இன்னொரு கோளாறு, எந்தப் படத்தைப் போட்டாலும் சீரியல் ஷூட்டிங்கை நேரில் பார்ப்பது போல ஒரு வழுக்கல். "என்னளா இது, நடிக்கிறவங்க வழுக்கிக்கிட்டே நடக்கிறாவ" என்று ஆச்சியே கேட்டாள். சினிமா என்பது நொடிக்கு 24 படம். இந்தத் திரை நொடிக்கு 60 முறை புதுப்பிக்கிறது. நடுவில் இல்லாத படங்களை இதுவே யூகித்து வரைந்து செருகுகிறது. யார் கேட்டது? அதை அணைத்துவிட்டேன். கிரிக்கெட் பார்க்கும்போது மட்டும் அது இருந்தால் பந்து தெளிவாகத் தெரிகிறது என்கிறார் அப்பா. அவருக்காக அந்த நேரம் போட்டுக்கொடுக்கிறேன்.

கேபிள் சமாச்சாரம் வேறு. சாதாரண சேனலில் வருவது 720க்கு 576 புள்ளி. நம் திரையில் 3840க்கு 2160. பெருக்கிப் பார், முப்பது வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவளுக்கு இதைச் செய்யாமல் தூக்கம் வராது: சரியாக இருபது மடங்கு. ஒரு புள்ளி வந்தால் பத்தொன்பதை இது தானே இட்டு நிரப்ப வேண்டும். அதனால் சீரியல் மாமியாரின் கோபமெல்லாம் மாவு பூசியது போல் ஆகிவிடுகிறது. ஆச்சி இதற்குத் தீர்வு கண்டுபிடித்துவிட்டாள். அரசாங்கம் ரேஷன் கார்டுக்குக் கொடுத்த அந்த 14 இன்ச் இலவச டிவி அவள் அறையில் இன்னும் உயிரோடு இருக்கிறதே, அதில்தான் ராத்திரி சீரியல். "அதுல மூஞ்சி நல்லாத் தெரியுது" என்கிறாள். உண்மைதான். சின்னத் திரைக்கு அந்தப் புள்ளிகள் போதும். பேத்தி வாங்கிக் கொடுத்ததை மதிக்கவில்லை என்று நினைத்துக்கொள்ளாதே. யூடியூப்பில் பழைய பாட்டு என்றால் ஹாலில் வந்து முதல் ஆளாக உட்காருகிறாள்.

அப்பாவோடு எனக்கு ஒரு சண்டையும் ஓடுகிறது. 1973க்கு முன்னால் தமிழில் சினிமாஸ்கோப் என்கிற அகலத்திரைப் படமே கிடையாது. அந்தக் கறுப்பு வெள்ளைப் படங்கள் எல்லாம் கிட்டத்தட்ட சதுரம். போட்டால் இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை விழுகிறது. "இவ்வளவு பெரிய டிவி வாங்கி, கால்வாசியைக் கறுப்பாக வைக்கவா?" என்று அவர் ரிமோட்டை அழுத்தி இழுத்து நிரப்பிவிடுகிறார். மூன்று பங்கு அகலத்தை நான்கு பங்காக இழுத்தால் கதாநாயகி இடுப்பு என்னத்துக்கு ஆகும்? அவர் அந்தப் பக்கம் போனதும் நான் மறுபடி மாற்றிவிடுகிறேன். இதற்கு முடிவு வரும் என்று தோன்றவில்லை.

உங்க அப்பாவுக்குப் பிடித்தது குரல் ரிமோட்தான். பட்டனை அழுத்திக்கொண்டு, தாசில்தார் ஆபீஸில் மனு கொடுப்பவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்து, "வில்லுப்பாட்டு" என்கிறார். சுடலைமாடன் கதை வரிசையாக வந்து நிற்கிறது. எண்பதுகளில் இதே ஊரில் மொட்டை மாடியில் மூங்கில் கழி கட்டி, அதன் உச்சியில் ஆண்டெனாவையும் பூஸ்டரையும் வைத்து இலங்கை ரூபவாஹினியைப் பிடித்த கதையை அன்றைக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சென்னை தூர்தர்ஷன் நமக்குச் சரியாக எட்டாத காலம் அது. காற்றடித்தால் ஆண்டெனா திரும்பிவிடும், ஒருத்தர் மேலே ஏறித் திருப்ப, ஒருத்தர் கீழே நின்று "இப்போ தெரியுது, இப்போ போச்சு" என்று கத்த வேண்டும். கத்துகிற வேலை எப்போதும் அவருடையதாம்.

கரண்ட் பில்லுக்குப் பயப்படாதே. நூறு வாட் சொச்சம்தான் இழுக்கிறது. தினம் ஐந்து மணி நேரம் ஓடினாலும் இரண்டு மாதத்துக்கு முப்பது, முப்பத்தைந்து யூனிட். ஐப்பசி, கார்த்திகை இடிக்குத்தான் பயம். வானம் இருட்டினால் பிளக்கையும் கேபிள் வயரையும் நெட் வயரையும் சேர்த்துப் பிடுங்கிவிடுகிறேன். அப்பா வேறு, 32 இன்ச்சுக்கு மேல் உள்ள டிவிக்கு 2025 செப்டம்பரில் வரியை 28லிருந்து 18 சதவீதமாகக் குறைத்த பிறகு வாங்கினோம் என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்கிறார், ஏதோ அவர் சொல்லிக் குறைத்தது போல.

சத்தம் சுமார்தான். ஸ்பீக்கர் பின்பக்கம் சுவரைப் பார்த்துப் பேசுகிறது. பின்னணி இசை வந்தால் வசனம் முங்கிவிடுகிறது. பேச்சைத் தூக்கிக் காட்டும் ஒரு செட்டிங் இருக்கிறது, அதைப் போட்டதும் பரவாயில்லை. நீ சவுண்ட்பார் என்று தனி ஸ்பீக்கர் அனுப்புகிறேன் என்றாயே, அது வேண்டாம். காரணம் கீழே வரும்.

இந்த டிவி நாம் என்ன பார்க்கிறோம் என்று அவ்வப்போது திரையையே படம் பிடித்தாற்போல் குறித்து கம்பெனிக்கு அனுப்பும் ஏற்பாடும் இருக்கிறது, தெரியுமா? செட்டாப் பாக்ஸ் வழியாக வருவதைக்கூட விடாதாம். விளம்பரத்துக்காக. தொடக்கத்தில் அந்தப் பையன் படபடவென்று எல்லாவற்றுக்கும் "ஒப்புக்கொள்கிறேன்" கொடுத்துவிட்டான். தனியுரிமைப் பகுதிக்குள் போய்த் தேடி அணைத்துவிட்டேன். எங்கள் வீட்டு வில்லுப்பாட்டு எவனுக்கு எதற்கு?

இதைச் செய்துகொண்டிருந்தபோதுதான் எனக்கு வேறொன்று உறைத்தது. இனி சொல்வதற்குத்தான் இந்தக் கடிதமே.

நீ போகும்போது டிவியில் உன் யூடியூப் கணக்கைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாய். அது அப்படியே இருக்கிறது. உன் போனில் இப்போதெல்லாம் சுடலைமாடனும் நான் பார்க்கும் மாவடு ஊறுகாயும் வந்து நிற்குமே, ஏன் என்று யோசித்தாயா? அதே போலத்தான் நீ பார்ப்பதெல்லாம் இங்கேயும். நான் எட்டிப் பார்க்கவில்லை, பிள்ளை. டிவியைப் போட்டாலே முன்னால் வந்து நிற்கிறது. காலையில் ஏழு மணிக்கு சுப்ரபாதம் போட உட்கார்ந்தால், ராத்திரி நான் அணைத்தபோது இல்லாத வீடியோக்கள், பாதி பார்த்ததற்கு அடியில் சிவப்புக் கோடு. இங்கே ஏழு என்றால் டப்ளினில் இரவு இரண்டரை. நீ தூங்குவதே இல்லையா?

முதுகுவலிக்கான பயிற்சி என்று ஒரு வரிசை. "வேலை எப்படிம்மா" என்று கேட்டால் "நல்லா போகுது" என்கிறாய். நான் டிவிக்குச் சொல்லும் பதிலும் நீ வேலைக்குச் சொல்லும் பதிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

அப்புறம் வீடு. அயர்லாந்தில் முதல் வீடு வாங்குவது எப்படி, கடனுக்கு என்ன காகிதம் வேண்டும், ஏலத்தில் விலை எப்படி ஏறுகிறது. நீ பாதியில் விட்டதையெல்லாம் நான் உட்கார்ந்து முழுசாகப் பார்த்துவிட்டேன். முதல் வீட்டுக்காரருக்கு ஆண்டு வருமானத்தில் நான்கு மடங்கு வரைதான் கடனாம். விலையில் பத்து சதவீதமாவது கையில் இருக்க வேண்டுமாம். புது வீடு என்றால் கட்டிய வருமான வரியிலிருந்து 30,000 யூரோ வரை திருப்பித் தருகிறார்களாம். பழைய வீடு என்றால் குளிர் தாங்குமா என்பதற்கு ஏ முதல் ஜி வரை மார்க் போட்டிருப்பார்களாம். ஜி வாங்கினால் சம்பளம் பூராவும் ஹீட்டருக்குத்தான். அந்த மார்க்கைப் பார்க்காமல் எந்த வீட்டையும் பார்க்கப் போகாதே.

இரண்டு வருஷத்தில் திரும்பிவிடுவாள் என்று அப்பா இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார். எனக்கு அந்த எண்ணம் போய் நாளாகிவிட்டது, நீ ஏன் சொல்ல மாட்டேன் என்கிறாய் என்பதும் தெரியும். அவரிடம் நான் சொல்ல மாட்டேன். நீயே சொல். முதலில் முகத்தைத் தூக்குவார், ஒரு வாரம் ரிமோட்டோடு மட்டும் பேசுவார், அதன் பிறகு வீட்டு வாசல் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கேட்பார். அங்கே வீட்டின் பின்பக்கம் தெற்கு பார்த்து இருந்தால்தான் வெயில் கிடைக்கும் என்று ஒருத்தர் விளக்கிச் சொன்னார். அதை அப்பாவுக்கு வாஸ்து மாதிரியே சொல்லிவிடு.

நேற்று எனக்கென்று தனியாக ஒரு கணக்கு தொடங்கிவிட்டேன். இதை அனுப்பியதும் டிவியில் உன் கணக்கை எடுத்துவிட்டு அதைப் போட்டுவிடுவேன். உன் ராத்திரிகள் இனி ஹாலில் வந்து நிற்காது. ஆச்சிக்குத்தான் வருத்தம். நீ பார்க்கும் ஐரிஷ் சமையல்காரர் ஒருத்தர் உருளைக்கிழங்கை விதவிதமாக வேகவைப்பாரே, அவர் இனி வரமாட்டார் என்று. தேடிக் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

பணிக்கொடையில் வந்த பணம் இன்னும் வைப்பில்தான் இருக்கிறது. வருகிற தை மாதம் முதிர்வு. அங்கே அனுப்ப வழி இருக்கிறது, வங்கியில் விசாரித்துவிட்டேன். சவுண்ட்பார் காசையும் அதில் சேர்த்துக்கொள். அந்தப் பத்து சதவீதத்துக்கு உனக்கு எவ்வளவு குறைகிறது என்று எழுது, போனில் சொல்லாதே. முதுகுக்கு டாக்டரைப் பார்த்தாயா என்பதையும் சேர்த்து எழுது.

அன்புடன்,
அம்மா
பாளையங்கோட்டை