கட்டைவிரல் தடம்

பாரீஸ்

அன்புள்ள அப்பாவுக்கு,

நல்லா இருக்கேன். குளிர் இன்னும் விடலை. இந்த வெண்கலச் சிலை வார்க்கிற பட்டறையில உலைப் பக்கம் வேலை கிடைச்சவன் கொடுத்து வச்சவன்.

வந்த ரெண்டாம் வாரமே ஒரு கூத்து பண்ணிட்டேன். மெழுகுல எடுத்த ஒரு தலையைக் குடுத்து சீர் பண்ணச் சொன்னாங்க. சாமி சிலை செஞ்ச சுவாமிமலைக் கை சும்மா இருக்குமா? கத்தியைச் சூடு காட்டி, கன்னம் நெத்தியெல்லாம் வழவழன்னு இழைச்சு வச்சேன். மேஸ்திரி பார்த்துட்டுத் தலையில கை வச்சுக்கிட்டார். அச்சு சேர்ற இடத்துத் தழும்பை மட்டும்தான் எடுக்கணுமாம். சிற்பியோட கட்டைவிரல் அழுந்தின தடம்தான் அங்க வேலையே! நல்லவேளை, ரப்பர் அச்சு இருந்தது, மறுபடி மெழுகு ஊத்திக்கிட்டாங்க. நமக்கு மெழுகு உருகி ஓடி, அச்சு மண்ணையும் உடைச்சுட்டா அந்தச் சிலை ஒண்ணே ஒண்ணு. இங்க ஒரே உருவத்துக்கு 12 வார்ப்பு வரைக்கும் அசல்தான்னு சட்டமே சொல்லுது. நீங்க சிரிப்பீங்க.

ஞாயித்துக்கிழமை ரோடின்ங்கிற பிரெஞ்சு சிற்பியோட மியூசியம் போனேன். தோட்டத்துல அவர் செஞ்ச சிலை, கலேங்கிற ஊர்ப் பெரியவங்க ஆறு பேர், கழுத்துல கயிறோட. கையும் காலும் உடம்புக்கு மீறிப் பெருசு. நாம சிலைக்குப் பிடிக்கிற தென்னோலை அளவு அங்க செல்லாது. சட்டுனு மெரினா உழைப்பாளர் சிலை ஞாபகம் வந்தது. "கட்டி கட்டியா இருக்கு, லட்சணம் எங்கடா?"ன்னு நீங்க கேட்டீங்களே, சிற்பி ராய் சௌத்ரி செஞ்சு 1959-ல வச்சது. அந்த முதுகெல்லாம் ரோடின்கிட்ட எடுத்த பாடம்னு இங்க வந்துதான் புரிஞ்சது. ஆனா பாறையை நெம்புற நாலு பேரும் நம்ம ஊர்க் கூலிக்காரங்கதான்.

இன்னொண்ணு. அந்த ரோடினே நம்ம நடராஜரைப் பத்தி எழுதியிருக்கார்! மெட்ராஸ் மியூசியத்துச் சிலையை நேர்ல பார்க்காம, போட்டோவை வச்சே. அவர் செத்தப்புறம் 1921-ல அச்சாச்சு. அவர் நம்ம பக்கம் பார்த்திருக்கார், ராய் சௌத்ரி அவர் பக்கம். சென்னைப் பக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்துல சிற்பி ஜானகிராமோட செப்புத்தகட்டு வேலையைப் பார்த்து "கோயில் கவசம் மாதிரிடா"ன்னு நின்னீங்களே, அதை மட்டும் ரெண்டு பக்கத்துலயும் சேர்க்க எனக்கு மனசு வரலை.

ராத்திரியில மெழுகுல ஒரு அம்மன் முகம் பிடிக்கிறேன். பூஜைக்கு இல்லை, பயப்படாதீங்க. அளவு உங்க அளவு. கன்னத்துல மட்டும் விரல் தடத்தை விட்டுப் பார்க்கிறேன், ஆனா இங்கத்து மெழுகு இளகிடுது. மெழுகு இறுக குங்கிலியம் எவ்வளவு கூட்டணும்? அடுத்த கடுதாசியில எழுதுங்க.

அம்மாகிட்ட வேளாவேளைக்குச் சாப்பிடறேன்னு சொல்லுங்க.

உங்கள் மகன்