அந்த ஆம்பை இப்போதே விற்றுவிடாதே

அன்புள்ள மகாலிங்கம்,

உன் கடிதம் திங்கட்கிழமை கிடைத்தது. பேத்தி தவழ ஆரம்பித்துவிட்டாள் என்று படித்ததும் சரோஜாவைக் கூப்பிட்டு அந்தப் பத்தியை மட்டும் உரக்கப் படித்துக் காட்டினேன். சரோஜாவுக்கு முழங்கால் வலி தேவலை, மாடிப்படி ஏறுகிறாள்.

உன் கடிதத்தில் ஒரு வரி மட்டும் மூன்று நாளாக மனதிலேயே நிற்கிறது. "கடையில் புது ஆம்பைக் கேட்டுவிட்டு வந்ததிலிருந்து வீட்டில் இருப்பது செத்துப்போன மாதிரி இருக்கிறது" என்று எழுதியிருந்தாய். ஸ்பீக்கருக்குச் சக்தி கொடுக்கும் அந்த ஆம்ப்ளிஃபயரை ஒன்றரை லட்சத்துக்கு வாங்கப்போவதாகவும், கூடவே ஹை-ரெஸ் பாட்டுகளுக்காக, அதாவது சிடியைவிட நுணுக்கமாகப் பதிந்தவற்றுக்காக, டிஜிட்டல் பதிவை ஒலி அலையாக மாற்றும் டிஏசி பெட்டி ஒன்று பார்த்து வைத்திருப்பதாகவும். உன் பணம், உன் விருப்பம். ஆனால் 22 வருடமாக நீ ஆசையாகக் கேட்ட செட் ஒரே சாயங்காலத்தில் எப்படிச் செத்தது? அதற்குள்ளே ஒரு கெப்பாசிட்டர்கூட மாறவில்லையே.

போன வருடம் எனக்கும் இதேதான் நடந்தது. நன்றாகப் புரிந்துகொண்ட பிறகு உனக்கு எழுதலாம் என்று இருந்தேன்.

புது ஆம்ப் வந்த அன்று ராத்திரி ஒரு மிருதங்கத் தனி போட்டேன். இடப்பக்கமான தொப்பியில் கும்கி என்ற ஆழ்ந்த நாதம் வந்து நெஞ்சில் இறங்கியது. வலப்பக்கமான வலந்தலையில் சாப்பு என்ற அடி விழுந்தபோது கச்சேரி நடந்த மண்டபமே கூடத்துக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது. கண் கலங்கிவிட்டது. அந்தச் சந்தோஷம் பொய் என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். அது ஆம்பிலிருந்துதான் வந்தது என்று நினைத்தேன், அங்கேதான் தவறு.

விடுமுறைக்கு வந்த தேன்மொழி கேட்டாள்: "எது ஓடுகிறது என்று தெரியாமல் கேட்டால் உங்களால் சொல்ல முடியுமாப்பா?" முடியும் என்றேன், துளியும் சந்தேகம் இல்லாமல். பழைய ஆம்பைப் பரணிலிருந்து இறக்கினோம். இரண்டையும் மாற்றி மாற்றி ஸ்பீக்கருக்குக் கொடுக்க ஒரு சுவிட்ச் பெட்டி வாங்கினோம்.

முதலில் வால்யூமைச் சமப்படுத்த வேண்டும் என்றாள். சாதாரண மல்டிமீட்டர் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸை அளக்கவென்று செய்யப்பட்டது, அதனால் 100 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை ஓடவிட்டு ஸ்பீக்கர் முனையில் வைத்து அளந்தோம். குமிழ் இரண்டிலும் ஒரே இடத்தில்தான் இருந்தது. பழையதில் 2.00 வோல்ட், புதியதில் 2.14. கணக்குப் போட்டால் சுமார் 0.6 டெசிபெல். இவ்வளவு சின்ன வித்தியாசம் காதுக்குச் 'சத்தம் கூட' என்று தெரியாது மகாலிங்கம். தெளிவு கூட, உயிர் கூட என்றுதான் தெரியும். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

சரிசெய்த பிறகு அவள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு முறையும் காசைச் சுண்டி, பூவா தலையா என்று பார்த்து, எந்த ஆம்ப் என்று முடிவு செய்தாள். நான் என் பதிலைக் காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதினேன். மொத்தம் 16 முறை. குருட்டாம்போக்கில் எழுதினாலே எட்டு சரியாக வரும். 12 வந்தால் நம்பலாம், தற்செயலாக அவ்வளவு வர நூற்றுக்கு நாலுக்கும் குறைவான வாய்ப்புதான். எனக்கு ஒன்பது வந்தது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். நாலாவது வரியில் 'புதுசு, சந்தேகமே இல்லை' என்று அடிக்கோடு போட்டு எழுதியிருக்கிறேன். அது பழையது.

எல்லா ஆம்பும் ஒன்றுதான் என்று நான் சொல்ல வரவில்லை. சக்தி போதாமல் திணறும் ஆம்ப், சில வால்வ் ஆம்புகள், இவற்றில் வித்தியாசம் நிஜமாகவே கேட்கும். ஆனால் உன் அறைக்கு உன் ஆம்ப் திணறியதாக நீ ஒரு நாளும் எழுதியதில்லை.

இது உனக்கும் எனக்கும் மட்டும் வரும் குறை இல்லை. ஹார்மன் என்ற ஆடியோ நிறுவனத்தில் ஷான் ஆலிவும் ஃபிளாய்ட் டூலும் 1994இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் 40 பேரைக் கூப்பிட்டு நாலு ஸ்பீக்கர்களைக் கேட்க வைத்தார்கள். ஒரு முறை பார்த்துக்கொண்டே, ஒரு முறை திரைக்கு அப்பால். பார்த்தபோது பெரிய, விலை கூடிய ஸ்பீக்கர்களுக்கு மார்க் ஏறியது. திரை போட்டதும் அந்த இடைவெளி வெகுவாகக் குறைந்துவிட்டது. இதைவிட என்னை யோசிக்க வைத்தது வேறொன்று. திரைக்கு அப்பால் கேட்டபோது ஸ்பீக்கரை அறைக்குள் இடம் மாற்றினால் அது மார்க்கில் தெரிந்தது. பார்த்துக்கொண்டு கேட்டபோது அது அவ்வளவாகத் தெரியவில்லை. கண் முந்திக்கொண்டு தீர்ப்பு சொன்னதும், நிஜமாக மாறியது காதுக்கு எட்டாமல் போயிற்று.

டிஏசி பற்றியும் சொல்லிவிடுகிறேன். மேயர், மோரன் என்ற இருவர் 2007இல், ஹை-ரெஸ் பதிவை அப்படியே ஒரு முறையும், சாதாரண சிடியின் 16 பிட் அளவுக்குக் குறைத்து ஒரு முறையும் கொடுத்துப் பலரைக் கேட்கச் சொன்னார்கள். 554 முறையில் 276 சரி. காசு சுண்டினாலும் அதுதான் வரும்.

மருந்தில்லாத மாத்திரையும் நம்பிக்கையால் வேலை செய்வதைப் பிளாசிபோ என்கிறார்களே, அதேதான் இதுவும். 2010இல் டெட் காப்சக் குழுவினர் குடல் எரிச்சல் நோயாளிகள் 80 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினரிடம் "இதில் மருந்தே இல்லை" என்று சொல்லியே மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை எடுக்காதவர்களைவிட அவர்களுக்குத் தேவலை ஆனது. அவர்களுக்கு நிம்மதி கிடைத்தது, அதில் நஷ்டப்பட்டவர் யாருமில்லை. நம் விஷயத்தில் எனக்கு வருத்தம் எங்கே என்றால், புதுசின் மேல் வைக்கும் நம்பிக்கை பழையதின் மேல் இருந்த நம்பிக்கையைத் தின்றுவிடுகிறது. நீ 'செத்துப்போன மாதிரி' என்று எழுதியது அதைத்தான். கடையில் என்ன வால்யூமில் போட்டார்கள் என்று உனக்குத் தெரியுமா? ஒலியின் நுணுக்கம் மனதில் சில விநாடிக்கு மேல் அப்படியே நிற்காது. நீ ஒரு மணி நேரம் பஸ்ஸில் வந்து, பழைய செட்டை எதோடு ஒப்பிட்டாய்?

அப்புறம், அறையைப் பார். உன் கூடம் பத்துக்குப் பன்னிரண்டு, மொசைக் தரை, மொட்டைச் சுவர். பத்தடி இடைவெளி 56 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தானாக முழங்கும், பன்னிரண்டடி 47 பக்கத்தில். எந்த ஆம்ப் வந்தாலும் அந்த முழக்கம் அங்கேயே இருக்கும். நான் ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் இழுத்தேன், நாற்காலியைப் பின்சுவரிலிருந்து நகர்த்தினேன், தரையில் கனமான கம்பளம் விரித்தேன். அடுப்படியில் இருந்த சரோஜா, ஒன்றும் தெரியாமலேயே, "பாட்டு வரி புரியுதே, என்ன பண்ணீங்க?" என்று கேட்டாள். 16க்கு 16 வாங்கியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது.

ஜங்ஷன் பக்கத்து ரெக்கார்டிங் சென்டரில் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்துவிட்டு, மூன்று நாள் கழித்துப் போய் கேசட்டை வாங்கி, உன் அறை டூ-இன்-ஒன்னில் போட்டுக் கேட்டோமே. இரைச்சல் இருந்தது, நாடா சிக்கியது. நாம் பாட்டைக் கேட்டோம். போன வருடம் முழுக்க நான் கும்கியை மட்டும்தான் தேடிக்கொண்டிருந்தேன், வாசித்தவரை மறந்துவிட்டேன்.

பொங்கலுக்கு வருகிறாய் அல்லவா? வரும்போது உன் ஆம்பைத் துணி சுற்றி எடுத்து வா. சுவிட்ச் பெட்டியும் மல்டிமீட்டரும் இங்கே இருக்கின்றன. காசு சுண்ட தேன்மொழி வருகிறாள். 16 முறை கேட்டு 12 வந்தால் நானே உன்னோடு கடைக்கு வருகிறேன். அந்தக் கேசட்களில் ஏதாவது மிச்சம் இருந்தால் அதையும் எடுத்து வா.

அன்புடன்,
ராமநாதன்