இதயம் மூளையின் உத்தரவுக்குக் காத்திருப்பதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் இதயமும் ரத்த ஓட்டமும் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். நான்கு அறைகள், வால்வுகள், வலப்பக்கம் நுரையீரலுக்கும் இடப்பக்கம் உடம்புக்கும் ரத்தத்தைத் தள்ளுவது எல்லாம் பிள்ளைகளுக்கும் புரிகிற மாதிரி இருந்தது, சந்தோஷம். ஆனால் நடுவில், மூளை உத்தரவு அனுப்புவதால்தான் இதயம் ஒவ்வொரு முறையும் துடிக்கிறது என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. டர்பன் சாட்ஸ்வர்த்தில் பல வருடம் உயிரியல் பாடம் நடத்தியவன் நான். அது தப்பு என்பதற்கு எங்கள் தென்னாப்பிரிக்காவிலேயே சாட்சி இருக்கிறது.

1967 டிசம்பர் 3 அன்று கேப் டவுன் குரூட் ஸ்கூர் மருத்துவமனையில் டாக்டர் கிறிஸ்டியன் பர்னார்டும் அவருடைய குழுவும், கார் மோதி மூளை செயலிழந்துபோன டெனிஸ் டார்வல் என்ற இளம்பெண்ணின் இதயத்தை எடுத்து லூயிஸ் வாஷ்கான்ஸ்கிக்குப் பொருத்தினார்கள். மனிதனிடமிருந்து மனிதனுக்கு இதயம் மாற்றியது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை. ரத்தக் குழாய்களைத் தைத்துச் சேர்க்கலாம், நரம்புகளை யாரும் தைத்துச் சேர்ப்பதில்லை. அப்படியென்றால் வாஷ்கான்ஸ்கியின் மூளைக்கும் அந்த இதயத்துக்கும் நடுவில் ஒரு கம்பிகூடக் கிடையாது. மின்சார அதிர்ச்சி கொடுத்ததும் அது துடிக்க ஆரம்பித்தது, அவர் உயிரோடு இருந்த 18 நாளும் துடித்தது. அவர் இறந்தது நிமோனியாவால். 1968 ஜனவரி 2 அன்று அதே மருத்துவமனையில் இதயம் மாற்றிக்கொண்ட பிலிப் பிளைபெர்க் வீட்டுக்கே போய், 19 மாதத்துக்கு மேல் வாழ்ந்தார். (அவர் வெள்ளைக்காரர், அவருக்குள் துடித்த இதயம் கிளைவ் ஹாப்ட் என்ற கலப்பினத்தவருடையது. உயிரோடு இருந்தபோது இரண்டு பேரும் ஒரே ரயில் பெட்டியில் போகக்கூடச் சட்டம் இடம் கொடுக்காத நிறவெறிக் காலம்.)

சரி, பின்னே யார் துடிக்க வைக்கிறார்கள்? வலது மேலறையின் சுவரில், மேல் பக்கம், எஸ்.ஏ. கணு என்று ஒரு சின்னத் திசு இருக்கிறது. கீத், பிளாக் என்ற இரண்டு பேர் அதை 1907இல் விவரித்தார்கள். அது யாரும் சொல்லாமலேயே நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 தடவை மின்துடிப்பைக் கிளப்பும். அப்புறம் ஏன் நமக்கு நாடி 70 என்று ஓடுகிறது? மூளையிலிருந்து வரும் வேகஸ் நரம்பு எப்போதும் லேசாக பிரேக்கை மிதித்துக்கொண்டே இருப்பதால். மாற்று இதயத்தில் இந்த பிரேக் அறுந்து போகிறது, அதனால்தான் அது சும்மா இருக்கும்போதே 90, 100 என்று ஓடும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு, வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். அந்தக் காலத்து முறையில் நோயாளியின் பழைய மேலறைகளின் பின்சுவரை அப்படியே விட்டுவிட்டு அதன்மேல் புது இதயத்தைத் தைப்பார்கள். அந்தப் பின்சுவரில் பழைய கணு உயிரோடு இருக்கும், நரம்பும் அறுந்திருக்காது, மூளை சொல்கிறபடி அது பாட்டுக்குத் துடித்துக்கொண்டிருக்கும். ஆனால் தையல் தழும்பைத் தாண்டி மின்சாரம் போகாது என்பதால் கீழே இருக்கிற புது இதயம் அதைச் சட்டை செய்யாமல் தன் கணுவின் பேச்சை மட்டும் கேட்டு ஓடும். ஈசிஜி எடுத்தால் இரண்டு கணுவின் அலையும் தனித்தனியாகத் தெரிவது உண்டு.

அதற்காக மூளைக்கு வேலையே இல்லை என்று சொல்ல வரவில்லை. காவடி அன்று உருமிச் சத்தம் கேட்டதும் நெஞ்சு படபடப்பது நரம்பு வழியாகத்தான். மாற்று இதயக்காரருக்கு அந்தப் படபடப்பு பெரும்பாலும் சட்டென்று வராது, அட்ரினலின் ரத்தத்தில் கலந்து போய்ச் சேர்ந்தால்தான் வேகம் ஏறும். அதனால்தான் படியேறுவதற்கு முன்னால் கொஞ்ச நேரம் மெதுவாக நடங்கள் என்று அவர்களுக்குச் சொல்கிறார்கள்.

இன்னொன்றும் கேட்கிறேன். இதயத்துக்கு எப்படி ரத்தம் கிடைக்கிறது என்று கட்டுரையில் ஒரு வார்த்தைகூட இல்லையே? உள்ளே அவ்வளவு ரத்தம் ஓடினாலும் அந்தத் தடித்த தசை அதிலிருந்து எடுத்துக்கொள்ள முடியாது, இதயத்திலிருந்து உடம்புக்குப் போகிற பெரிய குழாயான மகாதமனியின் அடியிலிருந்து பிரியும் கொரோனரி தமனிகள்தான் ஊட்ட வேண்டும். இடது கீழறை இறுகும்போது தன் குழாய்களைத் தானே நசுக்கிக்கொள்வதால், அது பெரும்பாலும் தளரும் இடைவெளியில்தான் சாப்பிடுகிறது. நாடி வேகமானால் முதலில் குறைவது அந்த இடைவெளிதான். அடைப்பு இருக்கிறவர் மூச்சிரைக்க ஓடினால் நெஞ்சு வலிப்பது இதனால். எங்கள் தெருவில் பைபாஸ் செய்துகொள்ளாத ஆள் இருக்கிற வீட்டைத் தேட வேண்டியிருக்கிறது, எங்கள் ஜனங்களுக்கு நான்கு அறைகளை விட இதுதான் முதலில் தெரிய வேண்டும்.

அடுத்த இதழில் திருத்தம் போடுவீர்கள் என்று நம்புகிறேன். போடும்போது படத்தையும் பாருங்கள், நுரையீரலுக்குப் போகிற தமனிக்குச் சிவப்பு அடித்திருக்கிறீர்கள், அதில் ஓடுவது ஆக்ஸிஜன் குறைந்த ரத்தம் என்பதால் அதற்கு நீலம்தான் அடிக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உயிரியல் ஆசிரியர்,
சாட்ஸ்வர்த், டர்பன்.