கம்பெனிப் பெயரை மாற்றினால் இ.பி.எஃப் பாக்கி தீர்ந்துவிடுமா?

மனிதவளப் பிரிவு மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். என் பழைய இ.பி.எஃப் (ஊழியர் சேமநிதி) பாக்கியைப் பற்றிக் கேட்டதற்கு, "நீங்கள் சொல்வது பழைய கம்பெனி, எங்களுக்குச் சம்பந்தம் இல்லை. ஏழு வருடத்துக்கு மேற்பட்ட கோப்புகளை அழித்துவிட்டோம்" என்று உங்கள் பிரிவிலிருந்து வந்த பதிலைப் படித்தேன். இரண்டையுமே நான் ஏற்கவில்லை.

பாயான் லெப்பாஸில் உங்கள் தொழிற்சாலையில் 1994 முதல் 1998 மே வரை ஆப்பரேட்டராக இருந்தேன், பெரும்பாலும் நைட் ஷிப்ட். அடுத்த வருடம் எனக்கு 55 வயது ஆகிறது, பணத்தை எடுக்கும் முன் ஒருமுறை சரிபார்க்கலாமே என்று பழைய கணக்கறிக்கையை வாங்கிப் பார்த்தால் 1997 ஆகஸ்ட்டிலிருந்து கடைசி மாதம் வரை ஒரு சென் கூட ஏறவில்லை. பழைய ஐ.சி. (அடையாள அட்டை) எண்ணில் மாட்டிக்கொண்டிருக்குமோ என்று கேட்டேன். இ.பி.எஃப் கவுண்டரில் இருந்த பெண், பாவம், பொறுமையாக இரண்டு எண்ணையும் தட்டித் தேடினார். எதிலும் இல்லை. அதாவது நீங்கள் கட்டவே இல்லை.

ஆனால் என் சம்பளத்தில் மட்டும் கழித்திருக்கிறீர்கள். 1997 நவம்பர் சம்பளச் சீட்டு என்னிடம் இருக்கிறது. டாட் மேட்ரிக்ஸ் எழுத்து மங்கிப்போய், மடிப்பில் கொஞ்சம் கிழிந்திருந்தாலும் எண்கள் தெளிவாகவே தெரிகின்றன: அடிப்படைச் சம்பளம் 640 வெள்ளி (ரிங்கிட்), இ.பி.எஃப் 71, சொக்சோ (தொழிலாளர் சமூகக் காப்புறுதி) தனி. என்னுடைய 71 வெள்ளியோடு கம்பெனி தன் பங்கு 12 விழுக்காட்டையும் சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும். 1997, 1998 இரண்டு வருடமும் இ.பி.எஃப் கொடுத்த லாப ஈவு 6.70 விழுக்காடு. அன்றிலிருந்து வருடா வருடம் ஈவு மேல் ஈவு ஏறியிருந்தால் இன்றைக்கு எவ்வளவு ஆகியிருக்கும் என்று உங்கள் கணக்குப் பிரிவையே கேட்டுப் பாருங்கள்.

சரி, பழைய கம்பெனி என்கிறீர்களே, உங்கள் மின்னஞ்சலின் அடியைக் கொஞ்சம் பாருங்கள். 12 இலக்கப் பதிவெண், பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பழைய எண். 2019-ல் கம்பெனிகளைப் பதிவு செய்யும் எஸ்.எஸ்.எம் ஆணையம் புதிய எண் முறையைக் கொண்டுவந்ததிலிருந்து கம்பெனிகள் இப்படித்தான் போடுகின்றன. அந்தப் பழைய எண்ணும் என் சம்பளச் சீட்டின் தலைப்பில் உள்ள எண்ணும் ஒன்றே, கடைசி ஆங்கில எழுத்து வரைக்கும். முதலாளி மாறியிருக்கலாம், போர்டு மாறியிருக்கலாம், கம்பெனி அதேதான்.

தொழிலாளியின் சம்பளத்தில் கழித்துவிட்டு இ.பி.எஃப்பில் கட்டாமல் விட்டால் ஆறு வருடம் வரை சிறை, அல்லது 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும் என்கிறது 1991-ஆம் ஆண்டு இ.பி.எஃப் சட்டம். கோப்பை அழித்தால் கடனும் அழியும் என்று அதில் எங்கேயும் நான் பார்க்கவில்லை.

எனவே அந்த மாதங்களுக்கான பாரம் ஏ (இ.பி.எஃப் பணம் கட்டும்போது கம்பெனி கொடுக்கும் மாதப் படிவம்) நகல் இருந்தால் அனுப்புங்கள், இல்லையென்றால் இல்லை என்று கையொப்பமிட்டு எழுதிக் கொடுங்கள். பாக்கியை ஈவோடு என் கணக்கில் கட்டுங்கள். இந்த மாத முடிவுக்குள் பதில் வராவிட்டால் இ.பி.எஃப்பில் எழுத்துபூர்வமாகப் புகார் கொடுப்பேன். அதே லைனில் வேலை செய்த மற்ற பெண்களையும் கணக்கைப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

அப்புறம், சம்பளச் சீட்டின் அசலைக் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போகும்படி உங்கள் குமாஸ்தா போனில் சொன்னார். நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். அசலைப் பார்க்க வேண்டுமானால் இ.பி.எஃப் அதிகாரி முன்னிலையில் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் முன்னாள் ஊழியர்
பாயான் பாரு, பினாங்கு