மரக்கறி மட்டும் காணாது

ஆசிரியர் அவர்களுக்கு,

சீனியையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் விட்டு மரக்கறியைக் கூட்டிய தேயிலைத் தோட்டத்து மக்கள் சிலர் மெலிந்து சோர்ந்து வருகிறார்கள். நல்ல உணவுதான், கலோரிதான் போதவில்லை. 100 கிராம் கோவாவில் (முட்டைக்கோஸ்) சுமார் 25 கலோரி. வயிறு நிறையும், மலையேறிக் கொழுந்து பறிக்கும் உடம்புக்குக் காணாது.

மரக்கறியைக் குறைக்கவேண்டாம், கூடவே சத்து அடர்ந்ததைச் சேருங்கள். ரொட்டி மாவில் 30 கிராம் தேங்காய்ப்பூ பிசைந்தால் 100 கலோரி கூடும். மலைக்குக் கொண்டுபோக 30 கிராம் வறுத்த கச்சான் (நிலக்கடலை): 170 கலோரி. இரவே ஊறவைத்து மசிய அவித்த கொண்டைக்கடலை ஒரு கப் 270 கலோரி தரும். முதல் நாளே ஒரு கப் தின்றால் வயிறு ஊதும். கால் கப்பில் தொடங்கி வாரம் வாரமாகக் கூட்டுங்கள்.

பிளேன்டீயை (பால் சேர்க்காத தேநீர்) சாப்பாட்டோடு குடிப்பதுதான் பெரிய தவறு. பசியை அடக்கும், கீரை, பருப்பிலுள்ள இரும்புச்சத்தையும் உடம்பில் சரியாகச் சேரவிடாது. ஒரு மணித்தியாலம் கழித்துக் குடியுங்கள்.

வாரம் ஒருமுறை, காலையில் வெறுவயிற்றில், நிறை பாருங்கள். நன்றாகச் சாப்பிட்டும் ஒரு மாதமாக இறங்கிக்கொண்டே போனால் சாப்பாட்டை மட்டும் மாற்றிக்கொண்டிராமல் நீரிழிவு, தைரொயிட் பரிசோதனைக்குச் செல்லுங்கள்.

போசாக்கு ஆலோசகர்கள்,
ஹட்டன்